டிபியும் இல்லை, தெரிந்த பெயரும் இல்லை: மெதுவாக வளரும் மைக்கோபாக்டீரியத்தை அறிகுறி வாரியாக அடையாளம் காண

23-ஆம் நாள் காலை, திரவ ஊடகத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் எம்.ஜி.ஐ.டி. கருவி ஒரு குழாயை பாசிட்டிவ் என்று காட்டுகிறது. கண்ணாடித் துண்டில் பூசிச் சாயமேற்றி ஸ்மியர் போட்டால் சிவப்புக் குச்சிகள். டிபி கிருமியின் புரதத்தைக் கண்டறியும் எம்.பி.டி.64 கார்டில் சொட்டு விட்டு 15 நிமிடம் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். கன்ட்ரோல் கோடு மட்டும் விழுகிறது, டெஸ்ட் கோடு விழவில்லை. டி.என்.ஏ.வை வைத்துச் சிற்றினம் சொல்லும் லைன் புரோப் பட்டையை அட்டவணையோடு ஒட்டிப் பார்த்தால் எந்த வரிசையும் பொருந்தவில்லை. அந்த நிமிடம் 'புதுச் சிற்றினமாக இருக்குமோ' என்று மனசு துள்ளும். துள்ளட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அப்படித் துள்ள வைத்தவற்றில் பெரும்பாலானவை கடைசியில் கலப்படமாகவோ, தண்ணீர்க் கிருமியாகவோ, தரவுத்தளத்தில் வேறு பெயரில் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதாகவோதான் முடியும். எந்த அறிகுறிக்கு எதைச் சந்தேகிப்பது, எந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கழிப்பது என்று காசநோய் கல்ச்சர் மேசையில் வேலை செய்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

இரண்டு வேலை. ஒன்று, டிபி இல்லை என்று உறுதியாகும் வரை அந்தக் குழாயை டிபி என்றே நினைத்துக் கையாளுங்கள். பாதுகாப்பு அறைப்பெட்டிக்கு வெளியே மூடியைத் திறக்க வேண்டாம். இரண்டு, டாக்டருக்கு இன்றே ஒரு இடைக்கால அறிக்கை அனுப்புங்கள். 'காசநோய்க் கிருமித் தொகுதிக்கான கார்டு சோதனை நெகட்டிவ். காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியமாக இருக்கலாம். சிற்றினம் ஆராயப்படுகிறது' என்ற ஒரு வரி போதும். நம்மூரில் ஸ்மியர் பாசிட்டிவ் என்றாலே டிபி மருந்து தொடங்கிவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்தும் ஸ்மியர் நெகட்டிவ் ஆகவில்லை என்றால் மருந்துக்குக் கட்டுப்படாத டிபி என்ற சந்தேகம் வரும், அந்த மனிதர் இன்னும் கடுமையான மாத்திரைகளுக்கு மாற்றப்படுவார். உங்கள் ஒரு வரி அதைத் தடுக்கும். சிற்றினத்தின் பெயர் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், அவரால் அதுவரை காத்திருக்க முடியாது.

அறிகுறி: ஸ்மியரில் குச்சி இருக்கிறது, கார்டில் கோடு இல்லை

முதலில் கலப்படம் பாருங்கள். குழாயிலிருந்து ஒரு லூப் எடுத்து இரத்த அகாரில் தீற்றி 48 மணி நேரம் வையுங்கள். வேறு கிருமி எதுவும் எழும்பாவிட்டால் அடுத்த கேள்வி, இது உண்மையிலேயே மைக்கோபாக்டீரியமா? நோகார்டியா, ரோடோகாக்கஸ், சுகாமுரெல்லா, கோர்டோனியா எல்லாமே அரைகுறையாகச் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். வழக்கமான 25% கந்தக அமிலத்தில் நிறம் விட்டுவிட்டு 1% அமிலத்தில் மட்டும் தாங்கினால் அந்தக் கூட்டத்தைச் சந்தேகியுங்கள். கிளைவிட்ட நூல்போல் தெரிந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

கார்டு நெகட்டிவ் என்பதாலேயே டிபி தொகுதி இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எம்.பி.டி.64 மரபணுவில் மாற்றம் வந்த டிபி கிருமிகள் உண்டு. குழந்தையின் அக்குளில் வீங்கிய நிணநீர்க் கட்டியிலிருந்து வந்த மாதிரி என்றால் கூடுதல் கவனம் தேவை. சென்னை கிண்டி ஆய்வகம் நெடுங்காலம் தயாரித்து வந்த பி.சி.ஜி. தடுப்பூசி டேனிஷ் 1331 வகை. அந்த வகையில் எம்.பி.டி.64 மரபணு இருக்கும் துண்டே கிடையாது. ஊசி போட்ட பக்கத்தில் கட்டி வந்த குழந்தையின் கல்ச்சர் கார்டில் நெகட்டிவாக இருப்பது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று, புதுக் கிருமியின் அடையாளம் இல்லை. ஸ்மியரில் குச்சிகள் கயிறு திரித்ததுபோல் ஒன்றோடொன்று முறுக்கிக் கிடந்தால் கார்டை நம்பாமல் பி.சி.ஆர். செய்யுங்கள்.

பழைய உயிர்வேதிச் சோதனைகளை நம்பியிருக்கும் ஆய்வகங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நியாசின் பாசிட்டிவ் என்றால் டிபி என்பது மனப்பாடமாகிவிட்ட பாடம். மைக்கோபாக்டீரியம் சிமியேயும் நியாசின் பாசிட்டிவ் காட்டும்.

அறிகுறி: ஸ்மியரில் வயல் போலக் கிருமி, கல்ச்சரில் ஒன்றுமே இல்லை

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது. நிஜமாகவே புதிய சிற்றினங்கள் பல இந்த வாசல் வழியாகத்தான் வந்திருக்கின்றன.

முதல் காரணம் சலிப்பானது: மாதிரியைச் சுத்தப்படுத்தும்போது நாமே கொன்றிருப்போம். சோடியம் ஹைட்ராக்சைடு கடைசிச் செறிவில் 1 சதவீதத்தைத் தாண்டினாலோ, 15 நிமிடம் என்பது பேச்சுவாக்கில் அரை மணியானாலோ டிபி கிருமி சமாளிக்கும், மற்ற மைக்கோபாக்டீரியங்கள் பல சமாளிக்காது. நோயாளி ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறாரா என்றும் கேளுங்கள். செத்த குச்சியும் சிவப்பாகத்தான் தெரியும்.

அடுத்து வெப்பநிலை. தோல் புண், விரல் கட்டி, மூட்டு நீர் என்று உடம்பின் குளிர்ந்த பகுதியிலிருந்து மாதிரி வந்தால் 37 டிகிரியில் மட்டும் வைப்பது பெரிய தவறு. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பெய்ர்ன்ஸ்டேல் பகுதி நோயாளிகளின் ஆறாத புண்ணிலிருந்து வந்த கிருமியை மக்கல்லம் குழுவினர் 1948-இல் விவரித்தார்கள். இன்று நாம் மைக்கோபாக்டீரியம் அல்சரன்ஸ் என்கிறோமே, அதுதான் (இனி சிற்றினப் பெயரை மட்டும் சொல்கிறேன்). 30 முதல் 33 டிகிரி வரை வளரும், 37-இல் முரண்டு பிடிக்கும். மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் மீனவர்களுக்கும் கையில் வரும் மரைனமும் இதே குணம். எதிர்ப்பக்கமும் உண்டு: வெந்நீர்க் குழாய்களில் வாழும் செனோபிக்கு 42 முதல் 45 டிகிரி ஒத்துப்போகும். ஆகவே எல்.ஜே. என்ற முட்டை சேர்த்த திட ஊடகத்தின் இரண்டு ஸ்லோப்பை 30-இலும், ஒன்றை 42-இலும் வையுங்கள். எட்டு வாரத்துக்கு முன் தூக்கிப்போட வேண்டாம்.

வெப்பநிலை மாற்றியும் வரவில்லையா? சாப்பாட்டைப் பாருங்கள். 1978-இல் இஸ்ரேலில் ஹாட்ஜ்கின் நோயுள்ள ஒரு பெண்ணின் தோல் புண்களிலிருந்து ஹீமோஃபைலம் பிரிக்கப்பட்டது. அதற்கு ஹீமினோ ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட்டோ வேண்டும்; சாதாரண எல்.ஜே.யில் முளைக்கவே முளைக்காது. இரும்பு கேட்கிற கிருமி என்று தெரிந்தால் வேலை சுலபம்: சூடாக்கிய இரத்தம் சேர்த்த சாக்லேட் அகாரில் தீற்றி 30 டிகிரியில் விடுங்கள். மாற்று உறுப்பு பொருத்தியவர், எச்.ஐ.வி. உள்ளவர், தோலில் முடிச்சு முடிச்சாக வீக்கம் என்று விண்ணப்பத் தாளில் இருந்தால் கேட்காமலே இதைச் செய்துவிடுவேன்.

இதற்கும் அசையாத ஒன்று 1990-களின் தொடக்கத்தில் ஜெனீவாவில் எய்ட்ஸ் நோயாளிகளிடம் தலைகாட்டியது. இரத்தத்திலும் குடலிலும் கிருமி நிறைந்து கிடந்தும் திட ஊடகத்தில் வளரவில்லை, திரவ ஊடகத்தில் மட்டும் சோர்ந்து சோர்ந்து வளர்ந்தது. போட்கரின் குழு காலனிக்குக் காத்திராமல் 16எஸ் ரைபோசோம் மரபணுவை நேரே படித்து, இது தெரிந்த எதுவும் இல்லை என்று 1992-இல் காட்டியது. பிறகு இரும்பைப் பிடித்துத் தரும் மைக்கோபாக்டின் சேர்த்த ஊடகத்தில் வளர்க்க முடிந்தது. ஊரின் பெயராலேயே ஜெனவென்ஸ் ஆனது. எனவே ஸ்மியர் நிறைந்திருந்து கல்ச்சர் கைவிட்டால், மீதியிருக்கும் மாதிரியிலிருந்து நேரடியாக டி.என்.ஏ. எடுங்கள். மாதிரியின் ஒரு பகுதியைச் சுத்தப்படுத்தாமல் உறைநிலையில் வைத்திருந்தால்தான் இது முடியும். அதை முதல் நாளிலேயே செய்துவிட வேண்டும்.

அறிகுறி: ஒரே வாரத்தில் மூன்று நோயாளிகளிடம் ஒரே 'புதுக்' கிருமி

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்தது. ஒரே வாரம், மூன்று குழாய்கள், மூன்று வெவ்வேறு வார்டு. மூன்றிலும் ஆரஞ்சு நிறக் காலனி, மூன்றும் கார்டில் நெகட்டிவ். பதிவேட்டில் விரலை வைத்து வரிசையாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மூன்று மாதிரிகளும் ஒரே நாளில், ஒரே தொகுப்பில், ஒரே பாட்டில் பஃபர் கரைசலில் கழுவப்பட்டவை. மீதிக் கரைசலை வடிகட்டி வளர்த்தோம். 16 நாளில் அதே ஆரஞ்சுக் காலனி. வடிநீர்க் கருவியின் தொட்டியை நாங்கள் திறந்து பார்த்து வெகு காலம் ஆகியிருந்தது; உட்சுவரில் விரல் வழுக்குகிற அளவுக்குப் பாசி படிந்திருந்தது. கிருமி கோர்டோனே. குழாய்த் தண்ணீர்க் குச்சி என்றே அதற்கு ஒரு பழைய பெயர் உண்டு. மூன்று பேரில் ஒருவருக்கு அதற்குள் புது மருந்து எழுதியிருந்தார்கள். நாங்கள் போன் செய்து சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள். அந்தப் போனைச் செய்த கை நடுக்கம் இன்னும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரு காலி மாதிரி: கிருமி நீக்கிய நீரை மட்டும் ஊற்றி, நோயாளியின் சளி போகும் எல்லாப் படிகளிலும் அதையும் நடத்துங்கள். டி.என்.ஏ. பிரிக்கும்போதும் தனியாக ஒரு காலி மாதிரி வேண்டும். இரசாயனக் கிட்டிலேயே தண்ணீர் மைக்கோபாக்டீரியத்தின் டி.என்.ஏ. ஒட்டியிருக்கலாம்.

ஆனால் இந்த அறிகுறியை எப்போதும் ஆய்வகக் கலப்படம் என்று ஒதுக்கவும் கூடாது. சூரிச்சில் திறந்த இதய அறுவை செய்துகொண்டவர்களிடம் கைமீரா என்ற மைக்கோபாக்டீரியம் திரும்பத் திரும்ப வந்ததை 2013-இல் வெளியிட்டார்கள். ஊற்றுக்கண் ஆய்வகத்தில் இல்லை. அறுவை அரங்கில் இரத்தத்தின் வெப்பத்தைச் சீராக்கும் கருவியின் நீர்த்தொட்டியில் கிருமி வளர்ந்து, காற்றில் திவலையாகப் பரவி, திறந்த நெஞ்சில் இறங்கியிருந்தது. நோய் தலைகாட்டியது மாதங்கள், ஆண்டுகள் கழித்து. ஒரே கிருமி பலரிடம் வந்தால் தொகுப்பு எண், கரைசல் பாட்டில், தேதி என்று உங்கள் வீட்டை முதலில் பாருங்கள். அங்கே எதுவும் இல்லையென்றால் அறுவை அரங்கு, பிராங்கோஸ்கோப் கழுவும் இடம் என்று வெளியே போங்கள்.

அறிகுறி: மெதுவா வேகமா, நிறம் உண்டா இல்லையா, தீர்மானமாகவில்லை

ஏழு நாளுக்கு மேல் எடுத்தால் மெது, அதற்குள் என்றால் வேகம். இது எல்லாருக்கும் தெரியும். பலர் மறப்பது, அந்தக் கணக்கு நீர்த்த கரைசலிலிருந்து திட ஊடகத்தில் தனித்தனிக் காலனியாக வருவதற்கானது. கெட்டியாகத் தீற்றினால் மெதுவானதும் ஐந்தாம் நாளே படலம் கட்டும். எம்.ஜி.ஐ.டி. பாசிட்டிவ் ஆன நாளை வைத்து வேகத்தை எழுதவே வேண்டாம்.

நிறத்துக்கு இரண்டு ஸ்லோப், ஒன்றைக் கறுப்புத் தாளிலோ அலுமினியத் தாளிலோ சுற்றுங்கள். காலனி தெரிந்ததும் சுற்றியதைப் பிரித்து, மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, விளக்கடியில் ஒரு மணி நேரம் வைத்து, மறுபடி இன்குபேட்டரில் ஒரு இரவு. தளர்த்தாவிட்டால் ஆக்சிஜன் இல்லாமல் நிறம் ஏறாது, 'நிறமில்லை' என்று தவறாக எழுதிவிடுவோம். கான்சாசியை என்ற சிற்றினம் முதல் நாள் வெளிர்மஞ்சள் பழுப்பாக இருந்து மறுநாள் காலை எலுமிச்சை மஞ்சளாக நிற்பது பார்க்க வேண்டிய காட்சி. சுல்காய் மட்டும் ஆளைக் குழப்பும்: 37 டிகிரியில் இருட்டிலும் மஞ்சள், 25-இல் வெளிச்சம் பட்டால்தான் மஞ்சள். இரண்டு வெப்பநிலையிலும் செய்யாமல் எழுதாதீர்கள்.

அறிகுறி: லைன் புரோப் பட்டை ஒரு பெயர், மால்டி-டாஃப் (புரதங்களின் எடையை வைத்து அடையாளம் சொல்லும் கருவி) இன்னொரு பெயர்

கருவி தன் பட்டியலில் இருப்பதைத்தான் சொல்லும். பட்டியலில் இல்லாத கிருமியைக் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும், அதுவும் குறைந்த மதிப்பெண்ணோடு. லைன் புரோப்பின் பழைய பதிப்புகள் கைமீராவை இன்ட்ராசெல்லுலாரே என்றே அச்சிட்டன. மால்டியில் மதிப்பெண் குறைந்தால் முதலில் பிரித்தெடுப்பைச் சந்தேகியுங்கள்: மெழுகுச் சுவரை உடைக்கச் சிறு கண்ணாடி மணிகள் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும், காலனி இளசாக இருக்க வேண்டும். திரும்பச் செய்தும் பெயர் ஒத்துவராவிட்டால் மரபணு வரிசையறிதலுக்குப் போங்கள். கருவிகளுக்கிடையே பெரும்பான்மை ஓட்டு எடுக்க வேண்டாம்.

அறிகுறி: 16எஸ் வரைபடத்தில் இரட்டை உச்சிகள்

பெரும்பாலும் இரண்டு கிருமி கலந்திருக்கிறது. 7எச்11 அகாரில் தனிக் காலனிக்காகத் தீற்றி, உருவம் மாறுபடும் காலனிகளைத் தனித்தனியே எடுத்து, குறைந்தது மூன்று முறை தூய்மைப்படுத்துங்கள். மெதுவாக வளர்வதற்கு இது இரண்டு மூன்று மாத வேலை. அலுப்பாகத்தான் இருக்கும், குறுக்கு வழி கிடையாது. அதன் பிறகும் ஒவ்வொரு காலனியிலும் அதே இடத்தில் அதே இரட்டை உச்சி வந்தால் செலாட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக வளர்பவற்றில் 16எஸ் பொதுவாக ஒரே பிரதிதான். செலாட்டத்திடம் ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு பிரதிகள் உண்டு.

அறிகுறி: 16எஸ் ஒப்பீடு 99 சதவீதத்துக்கு மேல், அதுவும் இரண்டு சிற்றினங்களோடு

மற்ற பாக்டீரியாக்களில் 98.7 சதவீதத்துக்குக் கீழே போனால் புதிது என்று ஒரு கோடு வைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டை மைக்கோபாக்டீரியத்துக்குத் தலைகீழாகப் படித்து, 99-க்கு மேல் என்றால் பழையது என்று எழுதினால் பிழை. இந்தப் பேரினத்தில் 16எஸ் மிக நெருக்கம். கான்சாசியைக்கும் கேஸ்ட்ரைக்கும் 16எஸ் ஒன்றேதான். முன்னது நுரையீரலை அரிக்கும், பின்னது பெரும்பாலும் யாரையும் தொடாது. ஆகவே எச்.எஸ்.பி.65, ஆர்.பி.ஓ.பி. என்ற இரண்டு மரபணுக்களையும் கட்டாயம் படியுங்கள். மூன்றும் ஒரே பெயரைச் சொன்னால் அதோடு முடிந்தது. மூன்றும் மூன்று பக்கம் இழுத்தால்தான் விஷயம் சூடுபிடிக்கிறது.

ஒப்பிடும் வரிசை எந்தக் கிருமியுடையது என்றும் பாருங்கள். பொதுத் தரவுத்தளத்தில் யாரோ தவறான பெயரில் ஏற்றிய வரிசைகள் நிறைய. வகைமாதிரிக் கிருமியோடு, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மூலக் கிருமியோடு, மட்டும் ஒப்பிடுங்கள். பெயர்க் குழப்பமும் ஒன்று உண்டு: 2018-இல் குப்தா குழு மைக்கோபாக்டீரியத்தை ஐந்து பேரினங்களாக உடைத்தது. டெர்ரே இப்போது சில பட்டியலில் மைக்கோலிசிபாக்டர் டெர்ரே. பழைய பெயரும் செல்லும். நோயாளியின் அறிக்கையில் நான் பழைய பெயரையே எழுதுவேன். வார்டில் இருக்கும் டாக்டருக்கு அதுதான் புரியும்.

அறிகுறி: ஜீனோம் எண் எல்லைக் கோட்டிலேயே நிற்கிறது

முழு ஜீனோம் படித்து, நெருங்கிய வகைமாதிரிகளோடு சராசரி ஒற்றுமை கணக்கிட்டால் 95–96 சதவீதத்துக்குக் கீழே தனிச் சிற்றினம், டி.என்.ஏ. இணைவுக் கணிப்பில் 70 சதவீதத்துக்குக் கீழே. உங்களுடையது 95.4 என்று நிற்கிறது. என்ன செய்வது?

முதலில் ஜீனோம் தூய்மையானதா, கலப்படத் துண்டு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே கிருமியை வைத்து வாதாடாதீர்கள். வேறு நோயாளிகளிடமிருந்து இன்னும் சில கிடைக்கும் வரை பொறுங்கள். கான்சாசியை இப்படித்தான் பிரிந்தது. நெடுங்காலம் உட்பிரிவு எண்களோடு ஒரே குடையின் கீழ் இருந்தது, 2017-இல் ஈரானிலிருந்து பெர்சிகம் தனியாகப் பிரிந்தது, அடுத்த சில ஆண்டுகளில் இன்னும் சில. ஒன்றாகச் சேர்ந்ததும் உண்டு: 2004-இல் இத்தாலியிலிருந்து டோர்டோலி குழு தனிச் சிற்றினமாக விவரித்த அதே கைமீரா, 2018-இன் ஜீனோம் ஆய்வில் இன்ட்ராசெல்லுலாரேயின் துணைச் சிற்றினமாக இறக்கப்பட்டது.

எண் மட்டும் தீர்மானிப்பதும் இல்லை. அல்சரன்ஸ் மரைனத்திலிருந்து கிளைத்தது. ஜீனோம் எண்ணைப் பார்த்தால் இரண்டும் ஒன்று. ஆனால் அல்சரன்ஸ் 174 கிலோபேஸ் பிளாஸ்மிட் (தனி டி.என்.ஏ. வளையம்) ஒன்றைப் பெற்று மைக்கோலாக்டோன் என்ற நச்சைச் செய்கிறது, அந்த நச்சுதான் வலியே இல்லாமல் கால் முழுக்கப் புண்ணாக்குகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நோயாளிக்குத்தான் நஷ்டம். அதனால் இரண்டு பெயர்களும் நிற்கின்றன, நிற்பது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அறிகுறி: எல்லாச் சோதனையும் புதிது என்கிறது, நோய்க்கு இதுதான் காரணமா என்று தெரியவில்லை

சளியில் ஒருமுறை வந்தது போதாது. வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு சளி மாதிரிகளிலாவது அதே கிருமி, அல்லது மூச்சுக்குழாய் கழுவிய நீரில் ஒருமுறை. கூடவே ஸ்கேனில் பொருந்தும் மாற்றமும், நோயாளிக்கு இருமல், எடை குறைவு போன்ற தொல்லையும். திசு, நிணநீர்க் கட்டி, இரத்தம் என்றால் ஒருமுறை வந்தாலே மதிப்பு அதிகம், காலி மாதிரி சுத்தமாக இருக்கும்பட்சத்தில். 'நோய் உண்டாக்கும் புதிய சிற்றினம்' என்று தலைப்பு வைக்கும் முன் டாக்டரோடு உட்கார்ந்து கேஸ் ஷீட்டைப் புரட்டுங்கள். இதைச் செய்யாமல் வெளிவரும் கட்டுரைகள் என்னை வருத்தப்பட வைக்கின்றன.

அறிகுறி: பெயர் வைத்தாயிற்று, பட்டியலில் ஏறவில்லை

புதுப் பெயர் முறையான பெயர்ப் பட்டியலில் ஏறுவது மூன்று இடத்தில் சிக்கும். முதலாவது, பெயர் விதிப்படி இருக்க வேண்டும்: பேரினம் ஒன்று, சிற்றினம் ஒன்று. இந்தியாவில் தல்வார் குழுவின் தொழுநோய்த் தடுப்பூசிக்கு ஆதாரமான 'மைக்கோபாக்டீரியம் டபிள்யூ' பின்னாளில் இண்டிகஸ் பிரானியை என்று இரண்டு சொல்லைப் பேரினத்தோடு சேர்த்துக்கொண்டது. முறையான பட்டியலில் அந்தப் பெயர் ஏறவில்லை. ஜீனோம் ஒப்பீட்டில் அது இன்ட்ராசெல்லுலாரேக்குள் விழுகிறது.

இரண்டாவது, வகைமாதிரிக் கிருமியை இரண்டு வெவ்வேறு நாடுகளின் பொதுச் சேமிப்பகங்களில் கொடுத்து, இரண்டின் சான்றிதழும் வாங்க வேண்டும். யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும், நிபந்தனை போடக் கூடாது. இங்கிருந்து அனுப்புகிறவர்களுக்கு ஒன்று சண்டிகரில் அமையும். வெளிநாட்டுக்கு அனுப்ப 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி தேவைப்படும். ஆணையம் சென்னை தரமணியில்தான் இருக்கிறது. கட்டுரை எழுதி முடித்தபின் விண்ணப்பிக்காமல், ஜீனோம் எண் கைக்கு வந்த வாரமே தொடங்குங்கள்.

மூன்றாவது, கிருமியே செத்துப்போவது. பத்துப் பதினைந்து முறை மறு வளர்ப்புச் செய்தது முதலில் வந்ததைப் போலவே இருக்காது. முதல் தூய காலனியிலிருந்தே ஆறேழு குப்பிகள் மைனஸ் 80-இல் வையுங்கள், வேறொரு அறையில் இருக்கும் உறைபெட்டியிலும் இரண்டு. குப்பியின் மேல் மாதிரி எண்ணையும் தேதியையும் பென்சிலால் எழுதுங்கள்; மார்க்கர் மை ஆல்கஹால் பட்டால் போய்விடும். பெயர் உறுதியானதும் அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடி, இடைக்கால அறிக்கை வாங்கிய டாக்டருக்குத் திருத்திய அறிக்கையை அனுப்புங்கள்.